காலை ஆட்டினால் வீட்டுக்கு ஆகாதா?

கேள்வி: எனக்கு 29 வயது. தலைப்பிரசவம், இப்போது 31-வது வாரம். ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஏழாம் மாதம் பிறந்ததிலிருந்து ராத்திரி ஒன்பது மணி ஆனால் போதும், இரண்டு கெண்டைக்காலுக்குள்ளும் ஏதோ ஊர்கிற மாதிரி, உள்ளேயிருந்து குடைகிற மாதிரி ஓர் அவஸ்தை. வலி என்றும் சொல்ல முடியவில்லை. எழுந்து நடந்தால் நிற்கிறது, படுத்தால் மறுபடியும் ஆரம்பிக்கிறது. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து இரண்டு மணிக்குத்தான் கண் அசருகிறேன். முழங்காலுக்குக் கீழே துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டால் கொஞ்சம் தேவலை. சோபாவில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது. “காலை ஆட்டாத கண்ணு, ஊட்டுக்கு ஆகாது” என்று மாமியார் கோபிக்கிறார். டாக்டரிடம் சொன்னேன். ரத்தம் 11.2 இருக்கிறது, நார்மல்தான், மாசமாக இருக்கும்போது இதெல்லாம் சகஜம் என்றார். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒருநாள்கூட விடாமல் ராத்திரி பாலோடு போடுகிறேன். தூக்கம் வரட்டும் என்று பக்கத்து வீட்டு அக்கா அவில் கொடுத்தார். போட்ட அன்றைக்கு இன்னும் மோசம். மாமியாருக்குக் கால் எரிச்சலுக்குக் கொடுத்த மாத்திரை வீட்டில் இருக்கிறது, அதைப் போடலாமா? நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்ததாம். குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? அடுத்த மாதம் திருநெல்வேலிக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். ராத்திரிப் பயணத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அதுதான் அவசரம். மாமியாரின் மாத்திரையைத் தொட வேண்டாம். சர்க்கரை நோயில் வரும் கால் எரிச்சலுக்கு நம் ஊரில் அதிகம் எழுதித் தருவது பிரிகாபலின் கலந்த மாத்திரை. கர்ப்பிணி அல்லாதவர்களுக்குக் கால் குடைச்சலுக்கும் இதே மருந்தைக் கொடுப்பதுண்டு என்பதால்தான் “இதைப் போட்டுப் பாரேன்” என்ற யோசனை வீட்டுக்கு வீடு கிளம்புகிறது. முதல் மூன்று மாதங்களில் இதை எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது என்று தெரியவந்து, கர்ப்ப காலத்தில் இதைத் தவிர்க்கும்படி பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் அறிவுறுத்தியது. உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, உண்மை. ஆனாலும் ஒருவருக்கு எழுதிய மாத்திரையை வயிற்றுப்பிள்ளைக்காரி எடுத்துப் போடுவதற்கு நியாயமே கிடையாது.

அவிலும் வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார். அது பலருக்குத் தூக்கம் வரவைக்கிற மாத்திரைதான். இந்தத் தொந்தரவு உள்ளவர்களுக்கு மட்டும் தலை தூங்கப் பார்க்கும், கால் விடாது. தூக்கக் கலக்கம் தருகிற பழைய ரக அலர்ஜி மருந்துகள் எல்லாமே இப்படித்தான் செய்யும். கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமினும் இந்த ரகம்தான். மசக்கை வாந்திக்குக் கொடுக்கும் டாக்சிலமினும் இதில் சேரும். வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு வேறு வழியில் வந்து இதே வேலையைச் செய்யும். இன்னமும் வாந்திக்கு ஏதாவது மாத்திரை போடுகிறீர்கள் என்றால் அதன் பெயரை உங்கள் டாக்டரிடம் காட்டி, மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

அவில் போட்ட அன்றைக்கு மோசமானது என்று நீங்கள் எழுதியது எனக்குப் பாதி விடையைச் சொல்லிவிட்டது. மீதியையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதல், சும்மா இருந்தால் கூடுவது, நடந்தால் அடங்குவது, பகலில் இல்லாமல் இரவில் வருவது. இந்த நான்கும் சேர்ந்திருந்து, அதற்கு வேறு காரணம் இல்லை என்றால் அது ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்’. ஸ்கேன் கிடையாது, நரம்புப் பரிசோதனை கிடையாது. கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்வீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்போம் 1945-ல் இதைத் தனி நோயாக விரிவாக எழுதியபோதே கர்ப்பிணிகளுக்கும் ரத்தத்தில் இரும்பு குறைந்தவர்களுக்கும் இது அதிகம் வருவதைக் கவனித்திருந்தார். ஏறக்குறைய ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு வருகிறது, கடைசி மூன்று மாதங்களில்தான் உச்சம். குடும்பவழியும் உண்டு. அம்மாவுக்கு இருந்தது என்று நீங்கள் சொன்னது தற்செயல் இல்லை.

கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது வேறு சங்கதி. அது திடீரென்று வரும், சதை கல் மாதிரி இறுகும், உயிர் போகிற வலி, சில நிமிடங்களில் விட்டுவிடும். முழங்காலை நீட்டி, பாதத்தை உங்கள் முகத்தை நோக்கி மடக்கினால் இறங்கும். பல கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே இருக்கும். எது எது என்று பிரித்துச் சொன்னால்தான் டாக்டருக்கும் பிடிபடும். “கால் வலிக்குது டாக்டர்” என்று மொட்டையாகச் சொன்னால் கால்சியம் மாத்திரையோடு திருப்பி அனுப்பிவிடுவோம். வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கும் புறநோயாளிப் பிரிவில் இது நடக்கத்தான் செய்கிறது.

சரி, “சகஜம்” என்று அவர் சொன்னது பொய்யில்லை. அதற்காக விட்டுவிடுவதா? ரத்தசோகையும்தான் நம் நாட்டில் சகஜம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு இருந்தது. அதை யாரும் விட்டுவிடச் சொல்வதில்லையே.

இப்போது அந்த 11.2-க்கு வருகிறேன். கர்ப்பிணிக்கு 11-க்கு மேல் இருந்தால் ரத்தசோகை இல்லை என்பது சரிதான். ஆனால் ஹீமோகுளோபின் என்பது பானையில் வெந்த சோறு மாதிரி. அரிசி டிரம்மில் எவ்வளவு மிச்சம் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. டிரம் தரை தட்டிய பிறகுதான் பானையில் குறைவது தெரியவரும். உடம்பில் சேமித்து வைத்த இரும்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற வேறொரு ரத்தப் பரிசோதனை. சில நூறு ரூபாய்தான் ஆகும். வழக்கமான கர்ப்பகாலப் பரிசோதனைப் பட்டியலில் இது பெரும்பாலும் இருப்பதில்லை, நீங்களாகத்தான் கேட்க வேண்டும். அடுத்த முறை போகும்போது, “ராத்திரியில் காலை அசைக்காமல் இருக்க முடியவில்லை, நடந்தால்தான் நிற்கிறது, ஃபெரிட்டின் பார்க்கலாமா?” என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள்.

பரிசோதனைக்குக் காலையில் சாப்பிடாமல் போவது நல்லது. முந்தின நாள் இரும்பு மாத்திரையை நிறுத்திவையுங்கள். காய்ச்சல், சளி, சிறுநீர்த் தொற்று இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால் அது சரியான பிறகு பாருங்கள். முடிவு வந்ததும் தாளில் உள்ள ‘நார்மல்’ வரம்பைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பல ஆய்வகங்களில் பெண்களுக்குக் கீழ்வரம்பு 15-ஐ ஒட்டித்தான் இருக்கும்; 20 வந்தாலும் நார்மல் என்றுதான் அச்சாகும். கால் குடைச்சல் உள்ள கர்ப்பிணிக்கு ஒரு மில்லி லிட்டரில் 75 நானோகிராமுக்குக் கீழே இருந்தாலே கூடுதலாக இரும்பு கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது இந்த நோயை ஆராயும் சர்வதேசக் குழு 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். நம் ஊர்க் கர்ப்பிணிகளில் எட்டாம் மாதத்தில் 75-ஐத் தாண்டுகிறவர்கள் குறைவு.

இரும்புக்கும் காலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கும் நொதி வேலை செய்ய இரும்பு தேவை. உடல் அசைவை ஒழுங்குபடுத்துவதில் டோபமைனுக்குப் பெரிய பங்கு உண்டு, மாலைக்கு மேல் இயல்பாகவே அதன் ஓட்டம் தணியும். இரும்பும் குறைந்து பொழுதும் சாய்ந்தால் கால் குடையத் தொடங்குகிறது. கர்ப்பம் முழுவதற்கும் ஒரு தாய்க்குக் கூடுதலாகத் தேவைப்படும் இரும்பு சுமார் 1,000 மில்லிகிராம். அதில் பெரும்பகுதியைப் பிள்ளையும் நஞ்சுக்கொடியும் உங்கள் பெருகிய ரத்தமும் இழுத்துக்கொள்வது இந்தக் கடைசி மாதங்களில்தான்.

இனி அந்தப் பால் தம்ளர். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அதுதான். ஒருநாள்கூட விடாமல் போடுகிறீர்கள், ஆனால் இரும்பு மாத்திரையைப் பாலோடும் கால்சியத்தோடும் சேர்த்து விழுங்கினால் அதில் கணிசமான பங்கு ரத்தத்தில் சேராமலே வெளியே போய்விடும். அரசு சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. இத்தனை மாதமும் அதில் எவ்வளவு உங்களுக்குச் சேர்ந்திருக்கும் என்பது சந்தேகம்தான். மாத்திரையை யார் கொடுத்தாலும் கூடவே எப்படிப் போட வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். அது எங்கள் பக்கத்துக் குறை.

நாளையிலிருந்து இப்படி மாற்றுங்கள். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் இரும்பு மாத்திரை, கூடவே அரை எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீர் அல்லது நெல்லிக்காய்ச் சாறு, சர்க்கரை போடாமல். காபி ஒரு மணி நேரம் கழித்துத்தான். கால்சியம் மாத்திரை மதியச் சாப்பாட்டோடு ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று. வெறும் வயிற்றில் புரட்டிக்கொண்டு வந்தால் இரும்பை மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நாலு மணிக்கு ஆபீசில் வருகிற டீயோடு மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் தாங்க முடியவில்லை என்றால் மாத்திரையை நிறுத்தாமல், வேறு ரகத்துக்கு மாற்றலாமா, ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். இரும்பு மாத்திரை போட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். இந்தக் காலத்திலும் அந்தப் பேச்சுக்குப் பயந்து மாத்திரையைத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. மாதுளையும் பீட்ரூட்டும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்புகிறோம். இரண்டிலும் இரும்பு சொற்பம். அசைவம் சாப்பிடுகிறவர் என்றால் ஆட்டுக்கறி, மீன், நன்றாக வெந்த சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) ஆகியவற்றில் உள்ள இரும்பு எளிதாகச் சேரும். ஈரல் மட்டும் கர்ப்பத்தில் வேண்டாம், அதில் வைட்டமின் ஏ அளவுக்கு அதிகம். சைவம் என்றால் கீரை, கொள்ளு, சுண்டல், எள். எலுமிச்சையோ தக்காளியோ பக்கத்தில் இருக்கட்டும். ஃபெரிட்டின் தரை தட்டியிருந்தால் சாப்பாட்டால் மட்டும் இந்த ஒன்பது வாரத்தில் நிரப்பவே முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரையும் வேலை காட்டச் சில வாரங்கள் ஆகும். ஃபெரிட்டின் 30-க்கும் கீழே இருந்து, மாத்திரை சரியாகப் போட்டும் கால் அடங்கவில்லை அல்லது பிரசவத் தேதி நெருங்கிவிட்டது என்றால் இரும்பை டிரிப்ஸாக ஏற்றலாம். முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு, உங்களுக்கு ஒத்துவருமா என்று டாக்டர் பார்த்துவிட்டு இதைக் கொடுக்கலாம். அயர்ன் சுக்ரோஸ் என்றால் சில தவணை, ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்றால் ஒரே தடவையில் 1,000 மில்லிகிராம் வரை. அரசு மருத்துவமனைகளிலும் இரும்பு டிரிப்ஸ் போடுகிறார்கள். அபூர்வமாக ஒவ்வாமை வரலாம் என்பதால் மருத்துவமனையில் வைத்துத்தான் போட வேண்டும், முடிந்து அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். என்னிடம் நீங்கள் வந்திருந்தால் ஃபெரிட்டினைப் பார்த்துவிட்டு இந்த யோசனையைச் சீக்கிரமே முன்வைத்திருப்பேன். 31-வது வாரத்தில் மாதக்கணக்கில் பொறுத்திருந்து பார்ப்பதற்கு நேரம் இல்லை.

அதுவரை ராத்திரியை எப்படிக் கழிப்பது? முதலில் அந்தத் துண்டு. காலை அழுத்திப் பிடித்தால் குடைச்சல் தணியும் என்பதை நீங்களாகவே கண்டுபிடித்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் கர்ப்பத்தில் ஏற்கெனவே கால் ரத்தம் மேலே ஏறத் தடுமாறுகிறது. முழங்காலுக்குக் கீழே கயிறு மாதிரி இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனால் அது உறைவதற்கு இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அழுத்தம்தான் வேண்டும் என்றால் வீட்டுக்காரரைக் கெண்டைக்காலை மேல்நோக்கி நீவிவிடச் சொல்லுங்கள், பத்து நிமிடம் போதும். பகலில் ஆபீசுக்குப் போகும்போது நீளக் காலுறை மாதிரி இருக்கும் அழுத்தக் காலுறையைப் போட்டுப் பார்க்கலாம். படுப்பதற்கு முன் முழங்கால் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைப்பது பலருக்கு உதவுகிறது. சிலருக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் ஒத்துவருகிறது. இரண்டையும் முயன்று உங்கள் கால் எதைக் கேட்கிறது என்று பாருங்கள்.

மாலையில் கால் மணி, அரை மணி நேரம் நடங்கள். அளவு மீறினால் அன்றிரவு கால் பழிவாங்கும், ஆகவே வேர்க்க விறுவிறுக்க வேண்டாம். ஆபீசில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் பிடிக்கப் போங்கள். காபி, டீ மதியத்தோடு போதும். கர்ப்ப காலத்தில் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபீனைத் தாண்டக்கூடாது, அதாவது இரண்டு தம்ளர் காபிக்குள். ராத்திரி தூங்காததால் பகலில் காபி, பகல் காபியால் ராத்திரி தூக்கம் இல்லை என்று பலர் இந்தச் செக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

எட்டு மணிக்கு மேல் டி.வி. முன்னால் வெறுமனே சாய்ந்து கிடக்காதீர்கள். மனமும் கையும் வேலையாக இருந்தால் கால் கொஞ்சம் மறக்கும். பூக் கட்டுங்கள், குறுக்கெழுத்துப் போடுங்கள், பிள்ளைக்கு ஸ்வெட்டர் பின்னுங்கள். குடைச்சல் கிளம்பிவிட்டால் படுத்துப் போராட வேண்டாம், எழுந்து ஐந்து நிமிடம் நடந்து, சுவரில் இரண்டு கையையும் ஊன்றி ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் கெண்டைக்காலை இழுத்துவிட்டு வந்து படுங்கள். செல்போனை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.

அப்புறம் தூங்கும் நேரம். இந்தத் தொந்தரவு சாயங்காலம் தொடங்கி நள்ளிரவைத் தாண்டி உச்சத்துக்குப் போய், விடியற்காலையில் அடங்கிவிடும். ஆகவே ஒன்பதரைக்கே படுத்து நான்கு மணி நேரம் மல்லாடுவதை விட, பதினொன்றரைக்குப் படுத்து ஏழரை வரை தூங்குவது லாபம். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவதை ஒன்பது வாரத்துக்கு வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். பகலில் தூங்கினால் மூன்று மணிக்கு முன்பு அரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள். ஒருக்களித்துப் படுங்கள், முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. இடப்பக்கம்தான் என்று கட்டாயம் இல்லை, வலப்பக்கமும் சரிதான். 28 வாரத்துக்கு மேல் மல்லாந்து தூங்கப் போக வேண்டாம் என்பதுதான் முக்கியம். நடுவில் விழித்துப் பார்த்தால் மல்லாந்திருக்கிறீர்களா, பதறாமல் திரும்பிப் படுங்கள்.

மாமியாரிடம் என்ன சொல்வது? அவர் சொல்வதும் காலங்காலமாக நாம் கேட்டு வளர்ந்ததுதான், உட்கார்ந்து காலை ஆட்டினால் மகாலட்சுமி தங்கமாட்டாள் என்று. அதை எதிர்த்து வாதாட வேண்டாம். “அத்தை, டாக்டரம்மா இது பழக்கம் இல்லை, இரும்புச்சத்துக் குறைவு என்று எழுதியிருக்கிறார்” என்று இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அம்மா, நான் உங்களுக்கும்தான் சொல்கிறேன்: உங்கள் மருமகள் வேண்டுமென்று ஆட்டவில்லை. ஆட்டாமல் உட்கார் என்று சொல்வது தும்மாதே என்று சொல்கிற மாதிரி. அவரைக் காலையில் ஏழரை மணி வரை தூங்கவிடுங்கள், அது போதும்.

இவ்வளவும் செய்து, இரும்பும் ஏறி, அப்படியும் தூங்கவே முடியாத சிலருக்குக் கடைசி மாதங்களில் குறைந்த அளவில் மருந்து கொடுப்பதுண்டு. அது நரம்பியல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டியது. மருந்துக் கடையில் கேட்டு வாங்குவது இல்லை. மெக்னீசியம் மாத்திரையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். கால் குடைச்சலுக்கு அது கேட்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது, அதை நம்பி இரும்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

சில அறிகுறிகளைக் கால் குடைச்சல் என்று நினைத்து வீட்டில் இருந்துவிடக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், அந்தக் காலை நீவிவிடவும் கூடாது. உள்ளங்கை, உள்ளங்கால் ராத்திரியில் தாங்க முடியாமல் அரித்தால் கல்லீரல் பரிசோதனையும் பித்த அமிலப் பரிசோதனையும் வேண்டும். தலைவலி, கண் மங்கல், முகத்தில் வீக்கம் என்றால் உடனே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். கால் மரத்துப்போவது, நாள் முழுக்க எரிவது என்றால் பி12 குறைவும் சர்க்கரையும் பார்க்க வேண்டியிருக்கும். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்பதாக வீட்டுக்காரர் சொன்னால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கம் கெட்டுக் கெட்டு மனசும் சோர்ந்து, அழுகையாக வருகிறது என்றால் அதையும் மறைக்க வேண்டாம்.

குழந்தையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கால் ஆடுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. இரும்புக் குறைவு முற்றி ரத்தசோகையாக மாறினால்தான் குறைமாதம், எடை குறைவு என்று பிள்ளையைத் தொடும். தூக்கமின்மை தொடுவது உங்களை: கடைசி மாதத்தில் இரவில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய தலைப்பிரசவக்காரர்களுக்கு வலி எடுத்துப் பிரசவிக்க அதிக நேரம் ஆனதையும், சிசேரியன் கூடுதலாக நடந்ததையும் 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பெரும்பாலானவர்களுக்குப் பிரசவமான சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் கால் தானாக அமைதியாகிவிடும். அடுத்த கர்ப்பத்தில் திரும்பவும் வர வாய்ப்பு உண்டு. அதனால் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் இரும்பு மாத்திரையை விடாதீர்கள். அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடும்போதே ஃபெரிட்டினைப் பார்த்துவிடுங்கள்.

திருநெல்வேலிப் பயணம்: ராத்திரி பஸ்ஸை மறந்துவிடுங்கள். எழுந்து நடக்க முடியாத இடத்தில், குடைச்சல் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் எட்டு மணி நேரம் உட்காருவது சித்திரவதை. பகல் நேர ரயிலில், நடைபாதை ஓரத்து இருக்கையில் போங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்டிக்குள் கொஞ்சம் நடங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். ராத்திரி ரயில்தான் என்றால் கர்ப்பிணிகளுக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டைக் கேட்டு முன்பதிவு செய்யுங்கள். போகலாமா என்று புறப்படும் வாரத்தில் டாக்டரைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். 36 வாரம் வரை இழுக்காமல் முன்கூட்டியே போய்விடுவது நல்லது.

தாய்–சேய் நலப் புத்தகம், பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது கொடுத்த எண்), ஃபெரிட்டின் தாள் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். அங்கே பிரசவம் பார்க்கப்போகும் டாக்டரிடம் முதல் நாளே கால் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். சிசேரியன் என்று முடிவானால் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன் வாந்தி வராமலிருக்க மெட்டோகுளோபிரமைடு ஊசி போடுவது பல இடங்களில் வழக்கம். உங்களுக்கு அதற்குப் பதிலாக ஆன்டான்செட்ரான் போடலாம்.